ஆளில்லா அரங்கில் இரு கிண்ணங்கள்

விளையாட்டுக் கழகம் ஒன்றின் ஆதரவாளர் என்பவர் யார்? அவர் பந்தை உதைப்பவர் அல்லர். பயிற்சி கொடுப்பவர் அல்லர். கழகத்திடம் ஊதியம் பெறுபவரும் அல்லர். தம்முடைய பணத்தைக் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கி, மழையிலும் குளிரிலும் இரண்டு மணிநேரம் அமர்ந்திருந்து, பெரும்பாலான வாரங்களில் தோல்வியையோ சமநிலையையோ கண்டு வீடு திரும்புபவர் அவர். என்றேனும் ஒருநாள் வெற்றி வரும், அது வரும்போது தாமும் அங்கே இருப்போம் என்ற நம்பிக்கை ஒன்றே அவருக்குரிய கைம்மாறு. அந்த வெற்றி வந்தே விட்டது, ஆனால் அவர் அங்கே இருத்தல் ஆகாது என்று விதிக்கப்பட்டது எனின், அவர் நிலை யாது? ஸ்கொட்லாந்திலே பேர்த் என்னும் நகரத்தின் மக்கள் 2021ஆம் ஆண்டில் எதிர்கொண்ட கேள்வி இதுவே.

பேர்த் என்றதும் நேயர்களிற் பலருக்கு அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெருநகரம் நினைவுக்கு வரலாம். அந்நகரம் பெயரைக் கடனாகப் பெற்ற மூல நகரமே ஸ்கொட்லாந்திலுள்ள பேர்த். டே என்னும் ஆற்றின் கரையில், ஏறத்தாழ 47,000 மக்கள் வாழும் அமைதியான ஊர் அது. யோவான் ஸ்நானகருக்கு அர்ப்பணிக்கப்பட்ட பழைய தேவாலயம் ஒன்று அங்கே இருப்பதால், முற்காலத்தில் அதனை 'புனித யோவானின் பட்டினம்' என்றும் அழைத்தனர். அந்தப் பழம்பெயரே சென். ஜோன்ஸ்ரன் எனத் திரிந்து, 1884ஆம் ஆண்டு அங்கே தோன்றிய உதைபந்தாட்டக் கழகத்தின் பெயராயிற்று. கோடையில் கிரிக்கெட் ஆடிவந்த இளைஞர் சிலர், குளிர்காலத்தில் உடலுக்கு வேலை கொடுக்கும் பொருட்டுத் தொடங்கிய கழகம் இது. நீலமும் வெள்ளையும் அதன் நிறங்கள்.

ஸ்கொட்லாந்து உதைபந்தாட்டத்தின் அமைப்பைச் சிறிது விளங்கிக்கொண்டாலன்றி, இக்கழகத்தின் கதை விளங்காது. அந்நாட்டின் முதற்பிரிவில் பன்னிரண்டு கழகங்கள் ஆடுகின்றன. ஆயினும் ஆட்சி செலுத்துபவை இரண்டே. கிளாஸ்கோ நகரத்தின் செல்ரிக், ரேஞ்சேர்ஸ் என்னும் இரு பெருங் கழகங்களுமே அவை. 1985ஆம் ஆண்டில் அபடீன் கழகம் முதன்மைப் பட்டத்தை வென்றது. அதன்பின் 2025 வரை சென்ற நாற்பது ஆண்டுகளிலும் அப்பட்டம் அவ்விரு கழகங்களின் கையைவிட்டு ஒருமுறையேனும் அகலவில்லை. ஏனைய கழகங்களுக்கு எஞ்சியிருப்பவை இரு கிண்ணங்கள். 1870களில் தொடங்கிய ஸ்கொட்லாந்துக் கிண்ணம் ஒன்று. இரண்டாம் உலகப்போரின் பின்னர் தொடங்கிய லீக் கிண்ணம் மற்றொன்று. தோற்றவர் உடனே வெளியேறும் சுற்றுக்களைக் கொண்ட போட்டிகளாதலால், ஓரிரு நாட்கள் நன்றாக ஆடும் சிறிய குழுவுக்கும் அங்கே ஒரு வாசல் திறந்திருக்கிறது. ஆனால் அந்த வாசலிலும் பெரும்பாலும் அப்பெருங் கழகங்களே முதலில் நுழைந்துவிடுகின்றன.

சென். ஜோன்ஸ்ரன் அவ்வாசலில் நெடுங்காலம் நின்றது. 1969ஆம் ஆண்டில் லீக் கிண்ண இறுதியாட்டத்தில் செல்ரிக்கிடம் தோற்றது. 1998ஆம் ஆண்டில் அதே கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் ரேஞ்சேர்ஸிடம் தோற்றது. இடையிலே 1986ஆம் ஆண்டளவில் கழகமே கடனில் மூழ்கி மறைந்துவிடும் நிலையும் வந்தது. ஜெப் பிறவுண் என்னும் உள்ளூர்க் கட்டட ஒப்பந்தக்காரர் பொறுப்பேற்று அதனைக் காப்பாற்றினார். புரூஸ் மக்டேர்மிட் என்னும் கமக்காரர் தம் நிலத்தைக் கொடுக்க, 1989ஆம் ஆண்டில் புதிய மைதானம் எழுந்தது. பார்வையாளர் அனைவருக்கும் இருக்கைகள் உள்ளதாக ஐக்கிய இராச்சியத்தில் முதன்முதலாகத் திட்டமிட்டுக் கட்டப்பெற்ற உதைபந்தாட்ட அரங்கு அதுவே. அக் கமக்காரரின் பெயரையே அது தாங்கி நிற்கின்றது.

2014ஆம் ஆண்டு மே 17ஆம் நாள் காத்திருப்புக்கு ஒரு முடிவு வந்தது. ஸ்கொட்லாந்துக் கிண்ண இறுதியாட்டத்தில், ஆற்றின் கீழ்ப்புறத்து அயலூரான டண்டீயின் யுனைட்டெட் கழகத்தை இரண்டுக்குப் பூச்சியம் என்ற கணக்கில் சென். ஜோன்ஸ்ரன் வென்றது. கழகம் தோன்றி 130 ஆண்டுகளின் பின்னர் கிடைத்த முதற் பெருங் கிண்ணம் அது. அன்று கிளாஸ்கோவுக்குச் சென்ற அக்கழகத்தின் ஆதரவாளர் தொகை ஏறத்தாழ 15,000. ஒரு நகரத்தின் மூன்றிலொரு பங்கு மக்களுக்கு ஒப்பான கூட்டம் பேருந்துகளிலும் புகைவண்டிகளிலும் ஏறிச் சென்றது என்றால், அந்நாள் அவர்களுக்கு எத்தகையது என்பதை நேயர்கள் உய்த்துணரலாம். மறுநாள் திறந்த பேருந்திலே கிண்ணம் நகர்வலம் வந்தது. தந்தையரும் பாட்டன்மாரும் காணாத ஒன்றைத் தாம் கண்டோம், இனி இது போன்றது தம் வாழ்நாளில் வாராது என்று மூத்தோர் பலர் எண்ணியிருத்தல் இயல்பே.

ஆனால் வந்தது, அதுவும் இரட்டையாக வந்தது. வந்த காலந்தான் வேறு.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாக ஸ்கொட்லாந்தின் ஆட்டங்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. அவ்வாண்டு ஆகஸ்டு முதலாந் திகதி புதிய பருவகாலம் தொடங்கியபோது, வீரர் களத்தில் இறங்கினர். வாயிற்கதவுகளோ பூட்டியே இருந்தன. ஆறு ஆண்டுகளுக்கு மேலாகக் குழுவை நடத்திய டொமி ரைட் அதற்குமுன் விலகிவிட்டார். அவரிடத்துக்கு வந்தவர் கலம் டேவிட்சன். அக்கழகத்தில் முன்னர் ஆடியவர். 2014ஆம் ஆண்டின் வெற்றியிலும் பங்குகொண்டவர். எனினும் ஒரு குழுவுக்குத் தலைமைப் பயிற்றுநராக இருந்து பழகாதவர். தொடக்கம் நன்றாக அமையவில்லை. ஆண்டு முடியும் வேளையில் குழு பட்டியலின் கீழ்ப்பாதியிலே தடுமாறிக்கொண்டிருந்தது. அவ்வாண்டில் அதற்குப் பெருமை வரும் என்று எதிர்பார்த்தவர் மிகச் சிலரே.

இவ்விடத்தில் பணத்தைப் பற்றியும் ஒரு சொல் சொல்லுதல் வேண்டும். இங்கிலாந்தின் பெருங் கழகங்கள் தொலைக்காட்சி நிறுவனங்கள் கொடுக்கும் பெருந்தொகையால் வாழ்கின்றன. ஸ்கொட்லாந்தின் கழகங்களோ வாயிலில் விற்கப்படும் நுழைவுச்சீட்டையே பெரிதும் நம்பி வாழ்பவை. கதவு பூட்டப்பட்டால் வருவாயும் பூட்டப்படும். ஆதலால் அப்பருவகாலத்துக்கான சீட்டுக்களை ஆதரவாளர்கள் வழமைபோல வாங்கினார்கள். எப்போது உள்ளே செல்லலாம், செல்லத்தான் முடியுமா என்பது தெரியாமலே வாங்கினார்கள். அதற்கு ஈடாக அவர்களுக்குக் கிடைத்தது, தம் வீட்டிலிருந்தே ஆட்டத்தைக் காணும் இணையவழி ஒளிபரப்பு மாத்திரமே. காணப்போகும் காட்சிக்காக அன்றி, கழகம் நிலைத்திருக்க வேண்டும் என்பதற்காகக் கொடுத்த பணம் அது.

லீக் கிண்ணப் போட்டியில் டண்பேர்ம்லின் கழகத்தைத் தண்ட உதைகளின் மூலமே கடக்க முடிந்தது. அரையிறுதியில் எடின்பரோவின் ஹிபேர்னியன் கழகத்தை மூன்றுக்குப் பூச்சியம் என வென்றபோதுதான், ஏதோ நிகழ்கின்றது என்பதைப் பலர் உணர்ந்தனர். 2021ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, கிளாஸ்கோவின் ஹம்டன் மைதானத்தில் லிவிங்ஸ்ரன் கழகத்துடன் இறுதியாட்டம் நடைபெற்றது. 32ஆவது நிமிடத்தில் மூலை உதையாக வந்த பந்தை, ஷோன் ரூனி என்னும் உயரமான பின்கள வீரர் தலையால் முட்டி வலைக்குள் சேர்த்தார். அந்த ஒரு கோலே வெற்றியைத் தந்தது.

ஐம்பதினாயிரம் பேர் அமரக்கூடிய அந்த அரங்கிலே அக்கோலுக்கு எழுந்த ஆரவாரம் சில பத்துப் பேருடையது. பயிற்றுநர் கூவுவதும், பந்துக்காப்பாளர் பின்கள வீரரை விளித்துக் கூறுவதும், பந்து கம்பத்தில் மோதும் ஓசையும் ஒலிவாங்கியில் தெளிவாகக் கேட்டன. அணித்தலைவர் ஜேசன் கேர் கிண்ணத்தை உயர்த்தியபோது அவருக்கு எதிரே இருந்தவை வெற்று இருக்கைகள். தேர் கட்டி முடிந்து, அலங்காரமும் நிறைவேறி, சுவாமியும் எழுந்தருளிய பின்னர், வடம் பிடிக்க ஊரார் ஒருவரும் வீதிக்கு வரலாகாது என்று விதித்தால் அத்திருவிழா எவ்வாறு இருக்கும்? அவ்வாறு இருந்தது அந்நாள்.

பேர்த் நகரத்திலோ, வீட்டைவிட்டுத் தக்க காரணமின்றி வெளியே செல்லலாகாது என்ற சட்டம் அவ்வேளையில் நடைமுறையில் இருந்தது. ஒரு வீட்டார் மற்றொரு வீட்டுக்குள் சென்று ஒன்றாக அமர்ந்து ஆட்டத்தைக் காணவும் இயலாது. 2014இல் தோளோடு தோள் சேர்ந்து நின்ற தந்தையும், மணம்முடித்து வேறு வீட்டில் வாழும் மகனும், ஒரே தெருவில் இருந்தாலும் தனித்தனியே இருந்து பார்க்கவேண்டிய காலம் அது. ஒருவரோடொருவர் பேசத் தொலைபேசியே துணை. தொலைக்காட்சியில் கண்டோரும், பி.பி.சி.யின் ஸ்கொட்லாந்து வானொலியில் வருணனை கேட்டோரும், பூட்டிய கதவுகளுக்குள்ளே தம் மகிழ்ச்சியைத் தாமே கொண்டாடினர்.

வானொலி நேயர்களுக்கு இந்நிலை முற்றும் புதிதன்று. தொலைதூரத்து ஆட்டத்தை ஒலியினால் மாத்திரமே அறிந்து, கண்ணாற் காணாத கோலுக்குக் கைதட்டிய தலைமுறைகள் உலகெங்கும் உண்டு. ஆனால் அந்நேயர் அறிந்த ஆட்டத்தில், வருணனையாளரின் குரலுக்குப் பின்னே கடலோசை போன்று ஒரு மக்கள் முழக்கம் என்றும் இருந்தது. தாம் அங்கே இல்லாவிடினும் தம்மைப் போன்ற ஒருவர் அங்கே இருக்கிறார் என்பதற்கு அவ்வோசை சான்று. 2021இல் அந்த ஓசையும் இல்லாது போயிற்று. ஒளிபரப்பாளர் சிலர் பதிவுசெய்த பழைய ஆரவாரத்தை இடையிடையே சேர்த்து ஒலிக்கச் செய்தமைக்கு இதுவே காரணம்.

லீக் கிண்ணத்தோடு கதை முடிந்திருந்தாலும் அப்பருவகாலம் போற்றத்தக்கதே. ஆனால் ஏப்ரல் 25ஆம் நாள் மற்றோர் அதிசயம் நிகழ்ந்தது. ஸ்கொட்லாந்துக் கிண்ணத்தின் காலிறுதியில் ரேஞ்சேர்ஸ் கழகத்தை அதன் சொந்த மைதானமான ஐபுறொக்ஸில் சென். ஜோன்ஸ்ரன் எதிர்கொண்டது. அப்பருவகாலத்தில் ரேஞ்சேர்ஸ் முதன்மைப் பட்டத்தை முன்னரே வென்றிருந்தது. லீக் ஆட்டங்கள் முப்பத்தெட்டில் ஒன்றிலேனும் தோல்வி காணாமலே அப்பருவகாலத்தை நிறைவுசெய்த குழு அது. தொண்ணூறு நிமிடத்திலும் கோல் இல்லை. மேலதிக நேரத்தின் 117ஆவது நிமிடத்தில் ரேஞ்சேர்ஸின் தலைவர் டவேர்னியே ஒரு கோல் புகுத்தினார். கதை முடிந்தது என்றே எவரும் கருதுவர்.

நேரம் முடிந்து 122ஆவது நிமிடம் ஓடிக்கொண்டிருக்கையில் சென். ஜோன்ஸ்ரனுக்கு ஒரு மூலை உதை கிடைத்தது. இழப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்ற நிலையில், பந்துக்காப்பாளர் சாண்டர் கிளார்க் தம் கம்பங்களை விட்டு மைதானத்தின் மறுமுனைக்கு ஓடிவந்தார். வந்த பந்தை அவரே எழும்பித் தலையால் முட்ட, அது கிறிஸ் கேன் என்னும் முன்கள வீரரின் காலில் பட்டு வலைக்குள் புகுந்தது. அடுத்துத் தண்ட உதைகள். ஓடித் திரும்பிய அதே கிளார்க், இரு உதைகளைத் தடுத்தார். நான்குக்கு இரண்டு என்ற கணக்கில் சென். ஜோன்ஸ்ரன் வென்றது.

இங்கே நேர்மையுள்ள ஆதரவாளர் ஒருவரின் மனத்தில் ஒரு முள் தைத்தல் கூடும். ஐபுறொக்ஸ் மைதானம் ஐம்பதினாயிரம் பேருக்கு மேற்பட்டோரைக் கொள்வது. அத்தனை பேரும் அன்று அங்கே முழங்கியிருந்தால், அந்தச் சிறிய குழு தளராது நின்றிருக்குமா? ஆளில்லா அரங்குகளில் சொந்த மைதானத்துக் குழுவின் அனுகூலம் குறைந்தது என்பதை அக்காலத்து ஆட்டங்களை ஆராய்ந்த பலர் கண்டனர். அவ்வாறாயின், ஆதரவாளர் அங்கே இல்லாமையே இந்த வெற்றிக்கு ஓரளவேனும் காரணமாகுமா? விடை கூறவல்லார் எவருமில்லை. ஆனால் மற்றொன்றையும் மறத்தலாகாது. அதே வெற்று அரங்குகள் பன்னிரு கழகங்களுக்கும் பொது. ஹிபேர்னியனும் லிவிங்ஸ்ரனும் அதே மௌனத்திலேதான் ஆடின. அம்மௌனத்தை நன்கு தாங்கிக்கொண்டது, கூட்டம் சிறிதாயிருந்த காலத்திலும் ஆடிப் பழகிய ஒரு கழகம்.

அரையிறுதியில் சென். மிரன் கழகத்தை இரண்டுக்கு ஒன்று என வென்ற பின்னர், மே 22ஆம் நாள், சனிக்கிழமை, மீண்டும் ஹம்டன் மைதானம், மீண்டும் ஹிபேர்னியன். லீக் கிண்ண வெற்றியின் பின்னர் எண்பத்து மூன்று நாட்கள் கழிந்திருந்தன. நாட்டின் பெரும்பகுதியில் கட்டுப்பாடுகள் தளர்ந்திருந்தன. பேர்த் நகரத்து வீடுகளில் மூன்று குடும்பங்களைச் சேர்ந்த ஆறு பேர் வரை ஒன்றுகூடவும் இயன்றது. ஆயின் கிளாஸ்கோவில் நோய் இன்னும் தணியாமையால் அங்கே கடுங் கட்டுப்பாடு நீடித்தது. சிலரையேனும் உள்ளே விடலாம் என்றிருந்த நம்பிக்கையும் கைகூடவில்லை.

அன்றும் 32ஆவது நிமிடம். அன்றும் ஷோன் ரூனி. இடப்புறத்தில் பந்தைப் பெற்று, எதிரியை ஏமாற்றித் திருப்பி, அளந்து அனுப்பியவர் டேவிட் வொதர்ஸ்பூன். அவர் பேர்த் நகரத்திலே பிறந்தவர். 2014ஆம் ஆண்டின் இறுதியாட்டத்திலும் ஆடியவர். இடையே வேறெங்கும் செல்லாது தம் ஊர்க் கழகத்திலேயே நிலைத்தவர். அவர் அனுப்பிய பந்தை ரூனி தலையால் முட்ட, ஒன்றுக்குப் பூச்சியம். இரண்டாம் பாதியில் கிடைத்த தண்ட உதை ஒன்று வீணானபோதும் அந்த ஒரு கோல் இறுதிவரை நிலைத்தது. செல்ரிக், ரேஞ்சேர்ஸ், அபடீன் என்னும் மூன்று கழகங்களைத் தவிர, ஒரே பருவகாலத்தில் இவ்விரு கிண்ணங்களையும் வென்ற கழகம் அதற்குமுன் எதுவுமில்லை. லீக் பட்டியலிலும் குழு ஐந்தாம் இடத்தைப் பெற்றிருந்தது. 136 ஆண்டுகளில் அதற்கு வாய்த்த மிகச் சிறந்த பருவகாலம் அது என்பதில் ஐயமில்லை.

அந்த இறுதியாட்டம் நடந்து இருபத்து மூன்று நாட்களின் பின்னர், அதே ஹம்டன் மைதானத்திலே ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் ஸ்கொட்லாந்து ஆடியபோது ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் அனுமதிக்கப்பட்டனர். மூன்று கிழமைகளால் தவறிப்போன வாய்ப்பு! அத்தகைய ஒரு நாளுக்காக வாழ்நாள் முழுவதும் காத்திருந்த முதியவர்களுக்கு இக்கணக்கு எளிதில் ஆறாத ஒன்று. நோய்க்காலத்திலே மறைந்து, அக்கிண்ணங்களைத் திரையிலேனும் காணாது போனவர்களின் குடும்பத்தாருக்கு அது இன்னும் கொடிது.

பின்னர் நடந்தவற்றையும் கூறினாலன்றி இக்கதை நிறைவுறாது. 2021 ஆகஸ்டு மாதத்தில் துருக்கியின் பெருங் கழகமான கலாட்டாசராயை அதன் நகரிலே ஒன்றுக்கு ஒன்று எனச் சமன்செய்து திரும்பிய குழுவைப் பேர்த் மைதானத்தில் ஆதரவாளர்கள் நேரிலே கண்டனர். அந்த ஆட்டத்தில் நான்குக்கு இரண்டு எனத் தோற்றாலும், எழுந்து நின்று பாராட்டுவதற்கு அதுவே அவர்களுக்கு வாய்த்த நல்ல தருணம். அம்மாத இறுதியில் அணித்தலைவர் கேரும் இளம் வீரர் அலி மக்கானும் இங்கிலாந்துக் கழகங்களுக்கு விற்கப்பட்டனர். சிறிய கழகம் ஒன்று வெற்றி பெற்றால் அதன் வீரரை வாங்கப் பெரிய பணப்பைகள் வரும் என்பது இவ்விளையாட்டின் நியதி. 2022 ஜனவரியில், கிண்ணத்தை வைத்திருந்த அதே சென். ஜோன்ஸ்ரன், நான்காம் பிரிவில் ஆடிய கெல்ரி ஹாட்ஸ் என்னும் சிறு கழகத்திடம் தோற்று வெளியேறியது. அப்பருவகால முடிவில் முதற்பிரிவிலிருந்து வீழாது தப்பியது. 2025ஆம் ஆண்டு அந்த வீழ்ச்சியும் வந்தது. தொடர்ந்து பதினாறு பருவகாலங்கள் முதற்பிரிவில் ஆடியபின் கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது.

இவ்வாறு நோக்கினால், அந்த ஒரு பருவகாலம் மேட்டிலிருந்து பள்ளத்துக்குச் செல்லும் பாதையில் ஒரு மின்னல் போன்றே தோன்றும். கண்டவர் கண்ணுக்கு ஒளி. காணாதவர்க்குச் செவிவழிச் செய்தி. எனினும் ஆதரவாளர் என்பவர் யார் என்று தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு அப்பருவகாலமே தக்க விடையைத் தருகின்றது. வெற்றியைக் காணுதலே அவருக்குரிய கூலி என்று கருதினால், பேர்த் மக்கள் ஏமாற்றப்பட்டவராவர். ஆனால் அவர்கள் சீட்டு வாங்கியது வெற்றி வரும் என்று தெரிந்தல்ல. கதவு பூட்டியிருக்கிறது என்று தெரிந்தே வாங்கினார்கள். கிண்ணங்களை வென்ற வீரருக்கு ஊதியம் தடையின்றிச் சென்றதில் அந்தப் பணத்துக்கும் பங்குண்டு. அரங்கிலே அவர்களுடைய இருக்கைகள் வெறுமையாக இருந்தன. ஆயினும் விலை கொடுக்கப்பட்ட இருக்கைகள் அவை.

வெற்றியின் நாளில் கூடியிருத்தல் ஒரு பேறு. அப்பேறு கிடைப்பதும் கிடையாததும் காலத்தின் கையில் உள்ளது. தோல்வியின் நாட்களிலும், பூட்டிய கதவின் நாட்களிலும், தம் கழகத்தைக் கைவிடாதிருத்தல் மனிதர் கையில் உள்ளது. 2021ஆம் ஆண்டின் இரு கிண்ணங்களின் மீதும் பொறிக்கப்பட்டிருப்பது கழகத்தின் பெயர் ஒன்றே. அப்பெயர் அந்த நகரத்தின் பழம்பெயரும் ஆகும். அன்று ஹம்டன் மைதானத்தின் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்கள், அந்தப் பெயரிலே உள்ளே இருந்தார்கள்.